டெட் கூசர் கவிஞரா, போஸ்ட்கார்டு எழுதுறவரா?

வெயிலான்: டெட் கூசர் படிச்சவங்க இருக்கீங்களா? அமெரிக்காவுல நெப்ராஸ்கா மாநிலத்துக் கவிஞர், 2004ல இருந்து 2006 வரைக்கும் அமெரிக்க அரசவைக் கவிஞர், 2005ல புலிட்சர் பரிசு. ஒரு வாரமா இவர்லயே கிடக்கேன். முப்பது வருஷத்துக்கு மேல இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலை, வைஸ் பிரசிடென்ட் வரைக்கும் போனவரு, ஆபீஸ் கெளம்புறதுக்கு முன்னாடி இருட்டோட எந்திரிச்சு எழுதுவாராம், எழுதினத செக்ரட்டரிகிட்ட காட்டி புரியலன்னா மறுபடி திருத்துவாராம்.

கறார்பேர்வழி: செக்ரட்டரிக்குப் புரியணும்னா அது ஆபீஸ் சர்க்குலர் சார். கவிஞர் வாலஸ் ஸ்டீவன்ஸும் இன்ஷூரன்ஸ் வைஸ் பிரசிடென்ட்தான், பத்தாவது தடவ படிச்சாலும் புதுசா ஏதாவது கெடைக்கும். கூசர் மொத வாசிப்புலயே தீந்துடறாரு.

நூலகப்பூனை: தீந்துடறாரா? அந்த பாழடஞ்ச பண்ணைவீடு கவிதை, 'அபாண்டன்ட் ஃபார்ம்ஹவுஸ்' படிங்க. ஆளே கெடையாது, சாமான்தான் பேசும். ஒடஞ்ச தட்டுக் குவியல் மேல கெடக்குற ஷூ, அவன் பெரிய ஆளுன்னு சொல்லுது, ஜன்னல்ல திணிச்ச கந்தல் குளிர சொல்லுது, டிராக்டர் டயர்ல பண்ணின மணல்தொட்டி குழந்தை இருந்துச்சுங்குது. என்னமோ தப்பாயிடுச்சுன்னு வீடே சொல்லும், என்னன்னு மட்டும் சொல்லாது.

கறார்பேர்வழி: ஏன் சொல்லாது? கடன், பேங்க், விலை சரிவுன்னு காரணம் இருக்குல்ல. 80கள்ல அமெரிக்காவோட நடு மாநிலங்கள்ல, அந்த மிட்வெஸ்ட்ல, எத்தன பண்ணை ஏலத்துக்குப் போச்சு! இவரு மணல்தொட்டிய காட்டி கண்ண கசக்க வைக்கிறாரு.

நூலகப்பூனை: வருஷத்த பாருங்க பாஸ், 1980ல வந்த 'ஷ்யூர் சைன்ஸ்' தொகுப்புலயே அது இருக்கு, நெருக்கடி முத்துறதுக்கு முன்னாடி. பாறாங்கல் கெடக்குற வயலும் ஒழுகுற தொழுவமும் இவன் விவசாயத்துக்கு ஆகாதவன்னு சொல்லுதே, அது காரணம் இல்லாம வேறென்ன?

வெயிலான்: 1998ல வாயில கேன்சர் வந்துச்சு. ரேடியேஷனுக்கு அப்புறம் வெயில் படக்கூடாதுன்னுட்டாங்க, அதனால விடியுறதுக்கு முன்னாடி நடப்பாரு, வந்து அன்னைக்குப் பார்த்தத குட்டிக் கவிதையா போஸ்ட்கார்டுல எழுதி நண்பர் ஜிம் ஹாரிசனுக்குப் போடுவாரு. அதுல 100 சேர்ந்து 2000ல புக்கா வந்துச்சு. நோயப் பத்தி பொலம்பலே ரொம்ப கம்மி, பனி, வேலி, பறவை, அவ்ளோதான்.

கறார்பேர்வழி: நோயாளின்னு சொல்லி என் வாய அடைக்காதீங்க ப்ளீஸ். இதே மனுஷன்தான் 1986ல ஆரம்பிச்சு வருஷா வருஷம் காதலர் தினத்துக்கு பொம்பளைங்களுக்கு கார்டுல கவிதை அனுப்பினாரு, 50 பேர்ல ஆரம்பிச்சது கடைசில 2000த்தையும் தாண்டிடுச்சு. கவிதையா, கல்யாணப் பத்திரிகையா?

அரைடிக்கெட்: 😂 ஆனா 2005ல நியூஸ்பேப்பர்களுக்கு வாராவாரம் இலவசமா ஒரு கவிதைப் பத்தி ஆரம்பிச்சாரே, மத்தவங்க கவிதைய போட்டு மேல நாலு வரி அறிமுகம். கவிதை பக்கமே தல வைக்காதவன் காபி குடிச்சிட்டே ஒண்ணு படிச்சிருப்பான். ஸ்டீவன்ஸ வச்சு அது நடக்குமா?

நூலகப்பூனை: "வட்டாரக் கவிஞர்"னு இவர சிலர் ஓரங்கட்டுறதுதான் எனக்கு எரிச்சல். நியூயார்க்க பத்தி எழுதினா மட்டும் யாரும் வட்டாரம்னு சொல்றதில்ல.

கறார்பேர்வழி: அது நியாயம். டயர் மணல்தொட்டியும் நல்ல எடம், ஒத்துக்கறேன். காதலர் தின கார்டுக்கு மட்டும் மன்னிப்பே கெடையாது.