பழுதான 51 அங்குல புரொஜெக்‌ஷன் டிவி: வாங்கிச் சரிசெய்யலாமா?

ஜெலுத்தோங்வாசி:
வணக்கம். இங்கே பினாங்கில் ஓர் உணவுக்கடையைக் காலி செய்கிறார்கள். அங்கிருக்கும் 51 அங்குல புரொஜெக்‌ஷன் டிவியை 150 வெள்ளிக்கு (ரிங்கிட்) தருவதாகச் சொல்கிறார்கள். உள்ளே மூன்று படக்குழாய் இருக்கும் பழைய வகை. போட்டுக் காட்டினார்கள். ஒலி சுத்தமாக இருக்கிறது. படமும் வருகிறது, ஆனால் சிவப்பு மட்டும் பச்சையோடு சேராமல் விலகி நிற்கிறது. நேராக இருக்க வேண்டிய கோடு சிவப்பில் வில்லாக வளைகிறது.

எனக்கு சால்டர் வேலை தெரியும், மல்ட்டிமீட்டரும் இருக்கிறது. வீட்டில் அப்பா எடுத்த பழைய வீடியோ கேசட்டுகள் நிறைய இருக்கின்றன: தண்ணீர்மலைத் தைப்பூசம், அத்தை கல்யாணம். புதிய தட்டை டிவியில் அவை கரகரவென்று தெரிகின்றன. அப்பா அவற்றைப் பெரிய திரையில், பழைய நிறத்தில் பார்க்க ஆசைப்படுகிறார். வாங்கலாமா?

பிறை மெக்கானிக்:
தம்பி, நீங்கள் சொல்லும் அறிகுறியைப் பார்த்தால் கன்வெர்ஜென்ஸ் பகுதி பழுது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று குழாயும் வெவ்வேறு கோணத்திலிருந்து ஒரே திரையில் அடிக்கின்றன. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தத் திருத்த மின்னோட்டம் தேவை. அதைத் தரும் ஐசி (மின்னணுச் சில்லு) சூட்டில் கருகும். பல மாடல்களில் எஸ்டிகே 392 வரிசை ஐசி இரண்டு இருக்கும். மாற்றுவதானால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பக்கத்தில் இருக்கும் குறைந்த ஓம் ரெசிஸ்டர்களையும் ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள். ஐசி போகும்போது அவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் கேட்டுப் பாருங்கள். போலி ஐசி நிறையப் புழங்குகிறது, கவனம்.

ஆனால் இது சரிசெய்யக்கூடிய பழுது என்பதற்காகவே பணத்தை எடுத்து நீட்டிவிடாதீர்கள். பெட்டியின் உயிர் குழாயில் இருக்கிறது. பணம் கொடுப்பதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். மெனுவில் கன்வெர்ஜென்ஸ் கட்டத்தைத் திறந்து சிவப்புச் சிலுவையை நகர்த்திப் பாருங்கள். நகர்ந்தால் வெறும் சரிப்படுத்தல், நகராவிட்டால் ஐசி. அடுத்து, டிவிடி பிளேயர் ஒன்றைக் கொண்டுபோய்த் திரை முழுவதும் வெள்ளைப் படம் போட்டு, ஏதாவது நிழல் தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, முன்பலகையைக் கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் லென்ஸ் வழியாக உள்ளே பாருங்கள். குழாய்க்கும் லென்ஸுக்கும் நடுவே குளிரூட்டும் திரவம் இருக்கிறது. அது பளிங்குபோல் தெளிவாக இருக்க வேண்டும். கீழே போர்டில் பிசுபிசுப்பு இருந்தால் கசிவு.

குழாயின் ஆனோடில் (உயர் மின்னழுத்த முனையில்) 30,000 வோல்ட் அளவுக்கு வரும். அணைத்த பிறகும் மின்னூட்டம் நிற்கும். அந்தத் தடித்த வயர்களைத் தொடவே கூடாது.

ஆயர் ஈத்தாம் அக்கா:
தம்பி, 2019 அக்டோபர் 31-ஆம் தேதியோடு நாடு முழுவதும் அனலாக் ஒளிபரப்பு நின்றுவிட்டது. அந்தப் பெட்டியில் ஏரியலைச் செருகினால் ஒன்றும் வராது, டிஜிட்டல் அலையை மாற்றித் தரும் டிகோடர் வேண்டும். கேசட்டுக்கு மட்டும் என்றால் ஏவி துளை போதும். அதைவிட, நீங்கள் எந்த மாடியில் இருக்கிறீர்கள்? எங்கள் சித்தப்பா வீட்டில் இப்படி ஒரு பெட்டி இருந்தது. 70 கிலோவுக்கு மேல் கனம். அடுக்குமாடி லிப்ட் கதவில் நுழையவே இல்லை. கதவை முதலில் அளந்து பாருங்கள்.

ஜெலுத்தோங்வாசி:
அண்ணன், அக்கா, இருவருக்கும் நன்றி. லிப்டில் நுழையும், அளந்துவிட்டேன். சோதனை எல்லாம் செய்தேன். சிவப்புச் சிலுவை அசையவில்லை, நீலம் நகர்கிறது. ஆகவே ஐசிதான். டார்ச் அடித்துப் பார்த்தபோது பச்சையும் சிவப்பும் தெளிவு; நீலத்தில் பால் கலந்த மாதிரி ஒரு மங்கல். உள்ளே படத்தைத் திரைக்குத் திருப்பும் முகக்கண்ணாடி முழுவதும் எண்ணெய்ப் புகை படிந்து மஞ்சள் பூத்திருக்கிறது, விரல் வைத்தால் ஒட்டுகிறது.

வெள்ளைப் படம் போட்டதும் வலது மேல்மூலையில் சேனல் முத்திரை நிழலாகத் தெரிந்தது. கீழே செய்தி ஓடும் பட்டை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. நான் தயங்கியதைப் பார்த்துக் கடைக்காரர் 50 வெள்ளிக்கு இறங்கினார். கடைசியில், "சும்மாவே எடுத்துக்கொண்டு போ" என்கிறார். சும்மா என்றால் எடுத்துவிடலாம் அல்லவா?

பிறை மெக்கானிக்:
வேண்டாம் தம்பி. மங்கிய திரவத்தை மாற்றலாம். கண்ணாடியையும் பொறுமையாகத் துடைக்கலாம், அதன் பூச்சு முன்பக்கத்தில் இருப்பதால் துணியை அழுத்தினாலே கீறல் விழும் என்றாலும். ஐசி இரண்டு மணி நேர வேலை. ஆனால் அந்த நிழல், குழாயின் பாஸ்பர் (ஒளிரும் பூச்சு) தேய்ந்த தடம். நாள் முழுவதும் செய்திச் சேனல் ஓடிய கடைப் பெட்டிக்கு இதுதான் கதி. எந்த மெனுவாலும் அது போகாது, புதுக்குழாய் செய்வாரும் இல்லை. அத்தையின் கல்யாணத்தில் தாலி கட்டும் காட்சிக்கு அடியில் அந்தப் பட்டை நிற்கும்.

சும்மா என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கடையைக் காலி செய்பவருக்குப் பெட்டியை ஒழிக்க வேண்டும். நீங்கள் எடுத்தால் ஒழிக்கும் வேலை உங்கள் தலையில். படக்குழாய்க் கண்ணாடி நம் நாட்டில் அட்டவணைக் கழிவு (சட்டம் பட்டியலிட்ட அபாயக் கழிவு), எஸ்.டபிள்யூ. 110. குப்பைத்தொட்டிப் பக்கம் வைத்துவிட்டு வர முடியாது.

அப்பாவுக்கு 29 அங்குல சாதாரணக் குழாய் டிவி ஒன்று தேடுங்கள். லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் விசாரியுங்கள், வீடு மாறுகிறவர்களையும் கேளுங்கள். அதே கேசட், அதே நிறம், இருவர் சேர்ந்து தூக்கிவிடலாம்.

ஜெலுத்தோங்வாசி:
சரி அண்ணன், கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். 29 அங்குலத்துக்கும் அதே வெள்ளைப் படச் சோதனைதானே?

பிறை மெக்கானிக்:
அதேதான். அதோடு நான்கு மூலையிலும் நிறத் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். டிவி கிடைக்கும்வரை கேசட்டுகளை வெளிச்சத்தில் பிடித்து, கேசட்டில் இருக்கும் சிறு சன்னல் வழியாக நாடாவின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் அந்தக் கேசட்டை டெக்கில் போடாதீர்கள். நாடாவைப் படிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும், அடுத்து போடும் நல்ல கேசட்டிலும் ஒட்டும்.