நின்றுபோன பைத்தான் லைப்ரரியைத் தூக்கி நிறுத்த உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. திஸ்கி, பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியாக்கங்களில் உள்ள கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் பழைய பைத்தான் 2 லைப்ரரி ஒன்றை ஃபோர்க் செய்திருக்கிறேன் (நகலெடுத்துத் தனியாக வளர்க்கிறேன்). எழுதியவர் கைவிட்டு வெகுகாலமாகிறது; எம்ஐடி உரிமம், அதனால் தடையில்லை. (2009-க்குப் பிறகு நின்றுபோன பில் என்ற படச் செயலாக்க லைப்ரரி, பில்லோவாக மறுபிறவி எடுக்கவில்லையா!)

பைத்தான் 3.12-இல், லைப்ரரியை நிறுவ உதவும் டிஸ்ட்யூட்டில்ஸ் இல்லை, அதைச் சமாளித்துவிட்டேன். மாட்டிக்கொண்டது பைட்ஸில். ஒவ்வொரு பைட்டாக எடுத்தால் இப்போது எண் வருகிறது. மாற்று அட்டவணையின் கீயோ ஸ்ட்ரிங். அங்கேயே கீ எரர். அட்டவணையையே எண்ணுக்கு மாற்றலாமா, முதலில் ஒவ்வொரு பைட்டையும் ஓர் எழுத்தாக்கும் லத்தீன்-1 ஆக டீகோட் செய்வதா?

அடுத்த தலைவலி கொம்பு. திஸ்கியில் அது மெய்க்கு முன்னால் நிற்கும், யூனிகோடில் பின்னால். ‘கொ’ சில இடங்களில் ‘கெ’யும் தனிக்காலுமாக உடைகிறது.

யாரிடமாவது பழைய திஸ்கி கோப்புகள் இருந்தால் சோதனைக்குத் தாருங்கள். பைடெஸ்டில் சோதனைகள் எழுதத் தெரிந்தவர் ஒருவர் கைகொடுத்தால் இன்னும் நல்லது.