50 மீட்டரில் ஒட்டி விழும் குண்டுகள், 200 மீட்டரில் நெடுக்காகச் சிதறுவது ஏன்?

புதுக்குழல்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் .22 எல்ஆர் (லாங் ரைஃபிள் என்ற சின்னத் தோட்டா) போல்ட் ரைஃபிள் ஒன்று இருக்கிறது. குழல் நடுத்தரக் கனம், உள்ளே வரிகளின் முறுக்கு 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. முன்னால் பைபாட் என்ற இரட்டைக்கால் தாங்கி, பின்னால் மணல் பை வைத்து 50 மீட்டரில் சுட்டால் ஐந்து குண்டும் 15 மில்லிமீட்டருக்குள் விழுந்துவிடும். 100 மீட்டரில் நான்கைந்து சென்டிமீட்டர் வரும், அதையும் பெரிய குறையாகச் சொல்ல முடியாது.

200 மீட்டருக்குப் போனதும் கதையே மாறிவிட்டது. குண்டுகள் விழுந்த கூட்டத்தின், அதாவது குரூப்பின், அகலம் ஏழெட்டு சென்டிமீட்டர்தான். உயரமோ இருபதைத் தாண்டுகிறது. காற்றே இல்லாத விடிகாலையிலும் இதே நிலைதான். தோட்டா மொத்தமாக வாங்கிய 40 கிரெய்ன் (சுமார் 2.6 கிராம் குண்டு), சாதாரண வேகம்.

ரேஞ்சில் ஒருவர், குழல் சரியில்லை, கனமான குழலாக மாற்று என்கிறார். இன்னொருவர், அதிவேகத் தோட்டா போட்டால் குண்டுப் பாதையின் வளைவு குறையும், எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். எதை நம்புவது?

கூடவே இன்னொரு தொல்லை. ஸ்கோப்பின் மொத்த உயரத் திருத்தம் 60 எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு). 50 மீட்டரில் ஜீரோ செய்த பிறகு (குறியும் குண்டும் ஒரே இடத்தில் சேரும்படி வைத்த பிறகு) உயரத்தைத் திருத்தும் குமிழான டரெட் 5 மில்லுக்கு (ஒரு மில் என்பது 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர்) மேல் சுற்றவே மாட்டேன் என்கிறது. மீதியை ஸ்கோப்புக்குள் தெரியும் ரெட்டிகிள் கோட்டில் பிடித்துத்தான் 200 மீட்டரில் சுடுகிறேன்.

ஹெவிபேரல்:

முதலில் ஸ்டாக் (துப்பாக்கியின் கட்டை) திருகுகளை இறுக்கம் அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். குழலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே ஒரு காகிதத்தை விட்டு இழுத்துப் பாருங்கள், எங்கேயாவது உரசினால் அதுதான் காரணம். உரசவில்லை என்றால் நானும் குழலைத்தான் சந்தேகப்படுவேன். மெல்லிய குழல் நாலு குண்டிலேயே சூடாகி நகர ஆரம்பித்துவிடும்.

கானல்:

ஹெவிபேரல் சொன்ன காகிதச் சோதனையைச் செய்துவிடுங்கள், செலவில்லாத வேலை. ஆனால் குழலை மாற்றச் சொன்னவரிடம் ஒன்று கேளுங்கள். கெட்ட குழல் மேலும் கீழும் மட்டும்தான் சிதறடிக்குமா? பக்கவாட்டில் சிதறடிக்காதா? உங்கள் குரூப் அகலத்தில் ஏழெட்டு சென்டிமீட்டரோடு நிற்கிறது. 200 மீட்டரில் ஒரு .22 அந்த அகலத்துக்குள் நின்றால் குழலும் நன்றாக இருக்கிறது, சுடுகிற கையும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். குறுக்கே விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று அடித்தாலே, முகத்தில் படுவது தெரியாத அளவுக் காற்று, அந்தத் தூரத்தில் குண்டை 9 சென்டிமீட்டர் தள்ளிவிடும்.

மேலும் கீழுமான சிதறலுக்குக் காரணம் தோட்டாதான். கணக்கைப் பாருங்கள்.

சாதாரண வேக .22 குண்டு விநாடிக்கு சுமார் 326 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. 50 மீட்டர் போவதற்குள் குழலின் நேர்கோட்டிலிருந்து 12 சென்டிமீட்டர் கீழே இறங்கிவிடும். 200 மீட்டரில் அந்த இறக்கம் இரண்டே கால் மீட்டர். தூரம் நான்கு மடங்குதான் கூடியது, இறக்கம் பதினெட்டு மடங்கு கூடிவிட்டது. இப்போது ஒரு தோட்டா மற்றதைவிட விநாடிக்கு 9 மீட்டர் மெதுவாகப் போகிறது என்று வையுங்கள். 50 மீட்டரில் அந்த வித்தியாசம் 7 மில்லிமீட்டர், உங்கள் 15 மில்லிமீட்டர் குரூப்புக்குள் சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ளும். 200 மீட்டரில் அதே வித்தியாசம் 12 சென்டிமீட்டர். 300 மீட்டரில் 30.

அதனால்தான் 50 மீட்டர் குரூப்பைப் பார்த்து இது தூரத்துக்கும் நல்ல தோட்டா என்று முடிவு செய்யக்கூடாது என்று நான் எப்போதும் கத்திக்கொண்டிருக்கிறேன். ஒருவரும் கேட்பதில்லை, அது வேறு விஷயம்.

சென்டர்ஃபயர், அதாவது அடிப்பாகத்தின் நடுவில் பற்றவைக்கும் தோட்டா, சுடுகிறவர்கள் வெடிமருந்தைத் தராசில் நிறுத்து, தங்கள் தோட்டாவைத் தாங்களே அடைத்துக்கொள்வார்கள். நமக்கு அந்த வழி இல்லை. நம் .22 போன்ற ரிம்ஃபயரில் பற்றவைக்கும் ரசாயனம் கேஸின் (தோட்டாக் கூட்டின்) விளிம்புக்குள் இருக்கிறது. தொழிற்சாலையில் அதை ஈரமாக உள்ளே போட்டு, கேஸைச் சுழற்றி விளிம்புக்குப் போகச் செய்கிறார்கள். ஒரு கேஸில் விளிம்பு முழுக்கச் சமமாகப் பரவியிருக்கும், அடுத்ததில் ஒரு பக்கம் மெலிந்திருக்கும். மருந்தும் கடுகளவுதான், அதில் ஏற்படும் சின்னக் கூடுதல் குறைவுகூட வேகத்தில் தெரிந்துவிடும். தொழிற்சாலை எப்படிச் செய்து தந்ததோ அதுதான் நமக்கு.

எனவே லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) பார்த்து வாங்குவது ஒன்றே வழி. ஒரே பெயர், ஒரே நிறப் பெட்டியாக இருந்தாலும் லாட் எண் மாறினால் அது வேறு தோட்டா என்றே நினைத்துக்கொள்ளுங்கள். ஈலி நிறுவனம் தன் போட்டித் தோட்டாப் பெட்டிகளில் லாட் எண்ணோடு அந்த லாட்டின் வேகத்தையும் அச்சிடுகிறது. எஸ்கே, லாபுவா நிறுவனங்கள் இரண்டின் ரிம்ஃபயர் தோட்டாக்களும் ஜெர்மனியின் ஷோனபெக் ஆலையிலிருந்துதான் வருகின்றன. எந்த லாட்டை உங்கள் குழலுக்குப் பிடிக்கும் என்பதைக் குழல்தான் சொல்ல வேண்டும். நான்கைந்து லாட்டில் லாட்டுக்கொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்து, பிடித்ததை வாங்கி அடுக்குங்கள்.

அதிவேகத் தோட்டா வேண்டவே வேண்டாம். அது விநாடிக்கு 375 மீட்டரில் புறப்பட்டு, போகிற வழியில் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்குகிறது. அந்த இடத்தில்தான் காற்றின் இழுவை மிகக் கடுமையாக இருக்கும். காற்று எவ்வளவு தள்ளும் என்பது குண்டு பறக்கும் நேரத்தைப் பொறுத்ததல்ல, இழுவையால் அது இழக்கும் நேரத்தைப் பொறுத்தது. அதனால் 100 மீட்டரில் வேகமான .22 குண்டு மெதுவான குண்டைவிட அதிகமாகக் காற்றில் ஒதுங்கும். வளைவில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கப்போய் காற்றில் அதைவிட அதிகமாக இழப்பீர்கள். வளைவு டரெட்டைச் சுற்றினால் தீர்ந்துவிடுகிற விவகாரம். காற்று அப்படி இல்லை.

குழல் வாங்கும் காசில் குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் ஒன்று வாங்குங்கள், அல்லது யாரிடமாவது இரவல் கேளுங்கள். எண்ணைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

சாய்மட்டம்:

தோட்டா விஷயத்தில் கானல் அண்ணன் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. டரெட் கேள்வியை யாரும் தொடவில்லையே, அதனால் நான்.

உங்கள் ஸ்கோப்பின் 60 எம்ஓஏ என்பது 17.5 மில். நடுவிலிருந்து மேலே 8.7, கீழே 8.7. 50 மீட்டர் ஜீரோவுக்கே, ஸ்கோப் உயரத்தையும் சேர்த்து, 3.5 மில் மேலே ஏறியாக வேண்டும். மிச்சம் 5.2. டரெட் 5-இல் நிற்பது இதனால்தான், ஸ்கோப்பில் பழுது எதுவும் இல்லை. ஸ்கோப்பை மாட்டும் உங்கள் ரெயில் சாய்வில்லாத தட்டை ரெயிலாகத்தான் இருக்கும்.

இந்தத் தோட்டாவுக்கு 50 மீட்டர் ஜீரோவிலிருந்து 100 மீட்டருக்கு 2 மில்லுக்குச் சற்று மேல், 200-க்கு 8, 300-க்கு 15 மில் வாக்கில் ஏற வேண்டும். 20 எம்ஓஏ சாய்வுள்ள ரெயில் போட்டால் 11 மில் கிடைக்கும், 240 மீட்டர் வாக்கில் முடிந்துவிடும். 40 எம்ஓஏ ரெயில் போட்டால் 16.9 மில், 300 மீட்டர் தாராளம். ஆனால் அப்போது 50 மீட்டர் ஜீரோவுக்கு டரெட்டை ஏறக்குறைய அடிவரை இறக்க வேண்டியிருக்கும், கீழே அரை மில்தான் மிஞ்சும். வாங்கும் முன் உங்கள் ஸ்கோப்பில் மொத்தச் சுற்று உண்மையிலேயே 60 இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிடுங்கள், விளம்பரத் தாளை நம்ப வேண்டாம்.

பெயருக்கேற்ற மாதிரி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஸ்கோப்பில் ஒரு குமிழி மட்டம் மாட்டுங்கள். ரைஃபிள் ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால் 200 மீட்டரில் குண்டு 4 சென்டிமீட்டர் பக்கவாட்டில் போகும், 300-இல் 9. தரை சரிவாக இருந்தால் ஒரு டிகிரி சாய்வைக் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது.

அப்புறம் கானல் அண்ணா, மேலும் கீழும் சிதறினால் தோட்டாதான் என்று ஒரேயடியாகச் சொல்லலாமா? வலது முறுக்குக் குழலில் வலப்பக்கக் காற்று குண்டை இடது பக்கம் தள்ளுவதோடு கொஞ்சம் மேலேயும் தூக்கும். இடப்பக்கக் காற்று வலது பக்கம் தள்ளிக் கீழே இறக்கும். காற்றுக்கும் உயரத்தில் பங்கு உண்டு.

கானல்:

உண்டு, சாய்மட்டம். ஆனால் அப்படி வந்தால் குரூப் சாய்வாக இருக்கும், இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு. தம்பியின் குரூப் நெட்டுக்குத்தாக நிற்கிறது. சாய்வாக இருந்திருந்தால் நானும் காற்றைத்தான் முதலில் கேட்டிருப்பேன்.

புதுக்குழல்:

இரவல் குரோனோகிராஃப் கிடைத்தது. மொத்தமாக வாங்கிய தோட்டாவில் குறைந்த வேகம் விநாடிக்கு 314 மீட்டர், அதிகம் 330. இடைவெளி 16 மீட்டர்! இரண்டு விதமான போட்டித் தோட்டாவும் சுட்டுப் பார்த்தேன். ஒன்றில் இடைவெளி 6 மீட்டர், மற்றதில் 10. ஆறு வந்த லாட்டை 200 மீட்டரில் சுட்டேன். உயரம் 10 சென்டிமீட்டருக்குள் வந்துவிட்டது, அகலம் பழையபடிதான். காகிதச் சோதனையில் உரசல் இல்லை. குழலை மாற்றும் யோசனையைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். தோட்டா மாற்றியதும் முதல் பத்துப் பதினைந்து குண்டுகள் அங்கும் இங்கும் போயின, பிறகுதான் அடங்கின. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் குழலைச் சுத்தம் செய்ய வேண்டுமா? 40 எம்ஓஏ ரெயில் சொல்லி வைத்திருக்கிறேன். 300 மீட்டருக்குப் போகும் முன் என்ன பார்க்க வேண்டும்?

ஹெவிபேரல்:

சரி, குழல் தப்பித்தது. வாழ்த்துகள்.

கானல்:

16 மீட்டர் இடைவெளிக்கு 200 மீட்டரில் 22 சென்டிமீட்டர் வர வேண்டும். நீங்கள் முதலில் சொன்னதும் இருபதுக்கு மேல். கணக்கு கச்சிதமாக ஒட்டுகிறது, தம்பி.

ஈயக் குண்டின் வெளிப்புறத்தில் மெழுகோ கிரீஸோ பூசியிருப்பார்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும். புதுப் பூச்சு குழலுக்குள் படிந்து பழைய பூச்சு போகும்வரை குண்டு அலையும். இருபது முப்பது குண்டு சுட்டுவிட்டுப் பிறகு குரூப் பாருங்கள், அதற்காகக் குழலைத் தேய்க்க வேண்டாம். ஆனால் தோட்டா உட்காரும் சேம்பருக்கு முன்னால் கரி வளையமாகப் படியும், அதை மட்டும் அவ்வப்போது எடுத்துவிடுங்கள். இன்னொரு பழக்கத்தையும் இப்போதே விட்டுவிடுங்கள். சூடான சேம்பரில் தோட்டாவை ஏற்றி வைத்துக்கொண்டு காற்று அடங்கட்டும் என்று காத்திருந்தால் மருந்தும் சூடாகும், பூச்சும் இளகும், அந்தக் குண்டின் உயரம் மாறும். காற்றைப் பார்த்து முடித்துவிட்டுப் பிறகு போல்ட்டைத் தள்ளுங்கள்.

300 மீட்டரில் முதலில் பார்க்க வேண்டியது, இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது. சின்னத் தோட்டாதானே என்ற நினைப்பு பலருக்கு உண்டு. ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று பல .22 பெட்டிகளிலேயே எச்சரிக்கை இருக்கும். 300 மீட்டரில் குண்டு மெதுவாக, சாய்வாக வந்து விழும், கெட்டித் தரையிலோ கல்லிலோ பட்டால் தாவிப் போகும். உயரமான மண் மேடு இல்லாத இடத்தில் 300 மீட்டர் வேண்டாம். இதில் எனக்குப் பேரமே கிடையாது.

அடுத்தது தூரம். 300 மீட்டரை 310 என்று நினைத்தால் குண்டு 25 சென்டிமீட்டர் மேலே போகும். 200-இல் அதே தவறு 14 சென்டிமீட்டர்தான். ரேஞ்ச் பலகையில் எழுதியிருப்பதை நம்பாமல் லேசர் தூரமானியில் அளந்துவிடுங்கள்.

பிறகு காற்று. 300 மீட்டர் போக குண்டுக்கு 1.1 விநாடி ஆகும். நீங்கள் ட்ரிகரை அழுத்தியதற்கும் குண்டு பட்டு இலக்குத் தகடு எழுப்பும் சத்தம் காதில் விழுவதற்கும் இடையே ஏறக்குறைய இரண்டு விநாடி, அதற்குள் காற்றே மாறியிருக்கும். ஸ்கோப்பின் ஃபோகஸை இலக்குக்குச் சற்று முன்னால் கொண்டுவந்தால் சூட்டில் நெளியும் கானல் அலை தெரியும். நேராக மேலே எழும்பினால் குறுக்குக் காற்று இல்லை. சாய்ந்து ஓடினால் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம்தான் குண்டும் ஒதுங்கும். விநாடிக்கு 2 மீட்டர் குறுக்குக் காற்றுக்கு 300 மீட்டரில் 36 சென்டிமீட்டர். முதலில் பெரிய தகடாக வையுங்கள். தகடு சின்னதாக இருந்தால் தவறிய குண்டு எங்கே போனது என்றே தெரியாது, எதைத் திருத்துவது?

50 மீட்டர் ஒலிம்பிக் இலக்கில் பத்தாவது வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். 1978-இலிருந்து பயத்லான் (பனிச்சறுக்கும் சுடுதலும் சேர்ந்த போட்டி) வீரர்களும் இதே தோட்டாவை 50 மீட்டரில்தான் சுடுகிறார்கள். 1887-இல் வந்த தோட்டாவை ஆறு மடங்கு தூரத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறோம் என்பதையும் மனதில் வையுங்கள். 300 மீட்டரில் 30 சென்டிமீட்டர் தகட்டில் பத்துக்கு ஆறு பட்டால் நான் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போவேன்.

சாய்மட்டம்:

ஆறா? காற்று நாளில் நான்கு பட்டாலே நான் போய்விடுவேன். புதுக்குழல், ரெயில் வந்ததும் முதல் வேலையாக 50 மீட்டர் ஜீரோ எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டாமல் போனால் ஜீரோவை 100 மீட்டருக்கு மாற்றிவிடலாம், நெருங்கிய இலக்குக்கு, இலக்குக்குக் கொஞ்சம் கீழே குறி பிடித்துக்கொள்ளுங்கள்.