மவுஸின் பக்கவாட்டு பட்டன்களும் அசெர்ட்டி (பிரெஞ்சு வரிசை) விசைப்பலகையும்: உங்கள் அனுபவம்?

ரோஸ் ஹில், மொரிஷியஸ்:
தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றிலும் தட்டச்சு செய்கிறவர்கள் கட்டைவிரல் பக்கத்து பட்டன்களில் ஒன்றை மொழி மாற்றத்துக்கு ஒதுக்குங்கள். 'பின்னே போ' என்ற வேலையைவிட இது நூறு மடங்கு உதவும். விண்டோஸில் அதற்கான குறுக்குவிசை விண்டோஸ் விசை + ஸ்பேஸ். எக்ஸ்-மவுஸ் பட்டன் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளில் பக்கவாட்டு பட்டன்களில் ஒன்றான பட்டன் 4-க்கு எதிரே 'சிமுலேட்டட் கீஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து அந்தக் குறுக்குவிசையை எழுத வேண்டும். கன்ட்ரோல், விண்டோஸ் போன்ற விசைகளின் பெயரைச் சுருள் அடைப்புக்குள் போடுங்கள். அடைப்பை மறந்தால் அந்தப் பெயரே எழுத்தெழுத்தாகக் கோப்பில் வந்து விழும். கீழே உள்ள பட்டியலில் 'அழுத்தும்போது ஒருமுறை' என்ற வகையே சரி. 'அழுத்தியிருக்கும்வரை திரும்பத் திரும்ப' என்று வைத்தால் மொழி ராட்டினமாய்ச் சுற்றும்.

விண்டோஸின் மொழிப் பட்டியலில் எத்தனை விசைப்பலகை இருக்கிறதோ அத்தனையையும் இந்தக் குறுக்குவிசை வரிசையாகத் தொட்டுப் போகும். பயன்படாதவற்றை மொழி அமைப்பில் நீக்கிவிடுங்கள்.

சேன்-பியேர், ரீயூனியன்:
மேலே சொன்னது மென்பொருள் வழி. மவுஸின் உள் நினைவகத்திலேயே குறுக்குவிசையைப் பதிபவர்கள் இங்கே ஒரு குழியில் விழுகிறார்கள். மவுஸ் அனுப்புவது எழுத்தை அல்ல, விசை இருக்கும் இடத்தின் எண்ணை. அந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று தீர்மானிப்பது கணினி. கியூவர்ட்டியில் (ஆங்கில விசை வரிசை) இசட் இருக்கும் இடத்தில் அசெர்ட்டியில் டபிள்யூ. ஏ இருக்கும் இடத்தில் கியூ. ஆகவே மொரிஷியஸில் கியூவர்ட்டியில் கன்ட்ரோல் + இசட் என்று பதிந்த மவுஸை இங்கே அசெர்ட்டி கணினியில் கொண்டுவந்து செருகினால் கன்ட்ரோல் + டபிள்யூ போகும். செய்ததை மீட்பதற்கு (அன்டூ) பதில் பிரவுசர் தாவல் மூடிக்கொள்ளும். 'அனைத்தையும் தேர்ந்தெடு' என்பது கன்ட்ரோல் + கியூ ஆகி, சில மென்பொருள்களையே மூடிவிடும். எம் விசையும் இடம் மாறியது. சி, எக்ஸ், வி மூன்றும் இரண்டிலும் ஒரே இடம் என்பதால் நகலெடுப்பதும் ஒட்டுவதும் ஒழுங்காக நடக்கும். அதனால்தான் கோளாறு பல நாள் தெரியாமலே இருக்கும்.

தீர்வு: எழுத்தே இல்லாத பழைய குறுக்குவிசைகள். நகலெடுக்க கன்ட்ரோல் + இன்சர்ட், ஒட்ட ஷிஃப்ட் + இன்சர்ட், மீட்க ஆல்ட் + பேக்ஸ்பேஸ். கடைசியது விண்டோஸில் பல மென்பொருள்களில் வேலை செய்யும், எல்லாவற்றிலும் அல்ல.

காத்ர் போர்ன், மொரிஷியஸ்:
சேன்-பியேர் அன்பர் சொன்ன பழைய குறுக்குவிசைகளின் இனத்தைச் சேர்ந்த, வெட்டுவதற்கான ஷிஃப்ட் + டெலீட்டை மட்டும் மவுஸில் வைக்காதீர்கள். கோப்புறைச் சாளரத்தில் அதன் பொருள் வேறு: குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாமல் கோப்பு அழியும்.

ஆட்டோஹாட்கீ என்ற விண்டோஸ் மென்பொருளில் குறுக்குவிசை நிரல் எழுதுபவர்களுக்கு: கன்ட்ரோலைக் குறிக்கும் ^ குறிக்குப் பின் சின்ன எழுத்தையே போடுங்கள். பெரிய எழுத்து போட்டால் ஷிஃப்டும் சேர்ந்துகொள்ளும். கன்ட்ரோல் + ஷிஃப்ட் + இசட் பல மென்பொருள்களில் மீட்பதற்கு நேர் எதிரான வேலை.

இன்னொன்று. எல்லா இடத்திலும் வேலை செய்யும் பட்டன் ஒரே ஒரு சாளரத்தில் மட்டும் செத்துக் கிடந்தால், அந்த மென்பொருள் நிர்வாகி உரிமையில் ஓடுகிறதா என்று பாருங்கள். சாதாரண உரிமையில் ஓடும் நிரல் அதற்குள் விசைகளைத் திணிக்க விண்டோஸ் விடாது. பட்டன் மென்பொருளையும் நிர்வாகியாகத் திறந்தால் சரியாகும். லினக்ஸில் ஆதரவுள்ள மவுஸ்களுக்குப் பைப்பர் என்ற மென்பொருள் போதும். அது மவுஸின் நினைவகத்திலேயே எழுதுவதால் அசெர்ட்டி சிக்கல் அங்கும் உண்டு.

ரோஸ் ஹில்:
நல்ல தகவல். ஒரே அழுத்தில் மொழி இரண்டு முறை மாறினால் அமைப்பைக் குறை சொல்லாதீர்கள். பட்டனுக்கு அடியில் உள்ள சின்ன சுவிட்ச் தேய்ந்து, ஓர் அழுத்தை இரண்டாக அனுப்பும். அந்த வேலையை மறு பட்டனுக்கு மாற்றிப் பாருங்கள்; அங்கே ஒழுங்காக நடந்தால் சுவிட்ச்தான் போயிருக்கிறது.