விதை முற்றிய புல்லை விரித்து மண் காப்பதற்கு ஒரு சொல்

குப்பத்திலிருந்து:

அன்பர்களே, மண் அரிக்கும் சரிவில் விதை முற்றிய புல்லை அறுத்துக் காயவைத்துப் பரப்புகிறோமே, அதற்கு நாம் தொகுக்கும் சொற்பட்டியலின் வரைவில் 'வைக்கோல் மூடாக்கு' (மூடாக்கு: மண்ணை மூட விரிப்பது) என்று போட்டிருக்கிறது. ஒப்பவில்லை. வைக்கோல் என்பது நெல்லடித்தபின் மிஞ்சும் தாள். அதை விரித்தால் மழைத்துளியின் அடி மண்மேல் விழாது, ஈரமும் நிற்கும்; ஆனால் அதிலிருந்து புல் முளைக்காது. இங்கே ஆந்திரக் குப்பத்தில், தெலுங்கில் நெல்தாள் வரிகட்டி, உலர்ந்த புல் எண்டுகட்டி, இரண்டு சொல்லுக்கும் 'கட்டி' என்ற வால் ஒன்றே. தமிழில் இரண்டும் தனித்தனியாக இருக்க, நாம் ஏன் குழப்ப வேண்டும்? 'விதை மூடாக்கு' எப்படி?

குடியாத்தத்திலிருந்து:

ஐயா, 'விதை மூடாக்கு' என்றால் நாற்றங்காலில் விதை தெளித்து மேலே வைக்கோல் போடுவோமே, அதைத்தான் நினைப்பார்கள். இங்கே மூடுகிற புல்லே விதையைச் சுமந்து வருகிறது. விதைநெல் மாதிரி 'விதைப்புல்'; ஆக 'விதைப்புல் மூடாக்கு'.

எப்போது அறுப்பது என்பதும் சொல்லிலேயே வந்துவிடுகிறது. கொழுக்கட்டைப்புல் கதிரை விரலிடுக்கில் உருவினால் சுணையோடு மணிகள் கையில் வர வேண்டும். வராவிட்டால் இன்னும் பச்சை. காம்பு மொட்டையாக நின்றால் விதை உதிர்ந்தாயிற்று. அந்தச் சுணை ஒன்றோடொன்று சிக்குவதால் தனி விதையாகத் தூவுவது பெரும்பாடு. தாளோடு விரிப்பதன் லாபமே அதில்தான். பச்சையாகக் குவித்தால் சூடேறி முளைப்புத்திறன் போய்விடும். தார்ப்பாயில் மெல்லிசாகக் காயவைத்து, உதிர்ந்ததையும் கூட்டி அள்ளிச் சேர்க்க வேண்டும். புது விதைக்கு உறக்கம் உண்டு, உடனே முளைக்காது. சில மாதம் ஈரம் படாமல் வைத்து அடுத்த மழைக்கு முன் விரிப்பது நல்லது.

பலமநேரிலிருந்து:

அண்ணன் சொன்ன சொல்லே இருக்கட்டும். விளக்கத்தில் அளவும் வேண்டும்: ஏக்கருக்குச் சுமார் 2 டன், அதாவது செண்டுக்கு 20 கிலோ. முதலில் மேல்மண்ணை லேசாகக் கீறிவிட வேண்டும். விதை தாளிலேயே தொங்கினால் முளைத்தும் வேர் பிடிக்காமல் காயும். விரித்தபின் அங்கங்கே செம்மண் கண்ணில் பட வேண்டும். மண்ணே தெரியாத கனம் என்றால் முளை வெளுத்துச் சாகும்.

அடுத்தது காற்று, தாளைப் பறக்கடித்துவிடும். தாளைச் சரிவுக்குக் குறுக்கே கிடத்தி, மழுங்கிய மண்வெட்டியால் அடிக்கொரு வரிசையாக 2–3 அங்குலம் உள்ளே அழுத்த வேண்டும். கூரான மண்வெட்டி தாளை அறுத்துவிடும், பிறகு பிடிப்பு ஏது? டிராக்டரில் டிஸ்க் ஹாரோ (வட்டத் தட்டுகள் கொண்ட உழுகருவி) பூட்டினால் தட்டுகளைக் கோணமில்லாமல் நேராக வைத்து ஓட்டலாம். துண்டாக நறுக்கிய புல் இதற்கு ஆகாது. இந்த வேலைக்கு ஒரு சொல் வேண்டுமே, 'ஊன்றல்' என்போமா?

குடியாத்தத்திலிருந்து:

ஊன்றல் என்றால் விதை ஊன்றுவது என்றாகிவிடும், தம்பி. 'தாள் செருகல்' என்றால் கூலியாளுக்கும் புரியும்.

இரண்டு எச்சரிக்கையும் சேர்க்கலாம். நீர் ஒன்றுகூடி ஓடும் பள்ளத்தில் இந்த மூடாக்கு நிற்காது, முதல் கனமழையே சுருட்டிக்கொண்டு போகும். அங்கே முதலில் கல் தடுப்பு. பார்த்தீனியம் பூத்த மேட்டில் அறுத்த புல் வேண்டவே வேண்டாம், களையை நாமே விதைத்ததாகும். ஆட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை, காய்ந்த புல்லென்றாலும் விடாது. வேலமுள் பரப்பினால் ஆடும் வராது, தாளும் பறக்காது.

குப்பத்திலிருந்து:

சரி, இப்படி மாற்றுகிறேன். விதைப்புல் மூடாக்கு: விதை முற்றிய புல்லை உலர்த்தி, அரிக்கும் நிலத்தில் விரித்து, அதே விதையிலிருந்து புல் எழச் செய்தல். 'தாள் செருகல்' தனிப் பதிவாகப் போகும்.