புதுப்பிப்பு: ஸ்பீக்கர் ஸ்டாண்டின் உயரம் முடிவாயிற்று

புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களுக்கு (அலமாரியிலோ ஸ்டாண்டிலோ வைக்கும் சிறு ஒலிபெருக்கிகளுக்கு) 24 அங்குல ஸ்டாண்டு வாங்குவதா, 28 அங்குலமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். நாற்காலியில் அமர்ந்திருக்கும்போது என் காது தரையிலிருந்து 92 செ.மீ. உயரத்திலும், ட்வீட்டரின் (கூர்மையான உச்ச ஒலிகளைத் தரும் சிறு பகுதியின்) மையம் ஸ்பீக்கரின் அடியிலிருந்து 30 செ.மீ. மேலேயும் இருப்பதை அளந்து பார்த்தபின், ட்வீட்டர் காது மட்டத்துக்கு வர 61 செ.மீ., அதாவது 24 அங்குலமே பொருத்தம் என்பது தெளிவாயிற்று. முதலில் அளக்கச் சொன்ன நண்பர்களுக்கு மனமார்ந்த நன்றி.

இரும்புத் தூண் கொண்ட ஸ்டாண்டுகளையே வாங்கினேன். வெறுங்குழாயாக இருந்தபோது தட்டினால் மணிபோல ஒலித்த அந்தத் தூண், கழுவிச் சலித்து மூன்று நாள் வெயிலில் ஈரமின்றிக் காயவைத்த ஆற்று மணலை முக்கால் பங்கு நிரப்பியதும் அடங்கிவிட்டது. கடல் மணலை மட்டும் நிரப்பாதீர்கள். அதிலுள்ள உப்பு இரும்பை அரித்துவிடும்.

மர அலமாரியின் மேல் இருந்தவரை மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) நாதம் குழம்பியே கேட்டது. இப்போது ஒவ்வொரு அடியும் தனித்துக் கேட்கிறது. சுவரிலிருந்து 45 செ.மீ. தள்ளி வைத்ததற்கும் இதில் பெரும் பங்குண்டு என்றே கருதுகிறேன். டைல்ஸ் தரை கீறாதிருக்க, ஸ்டாண்டின் கூர்முனைகளுக்கு அடியில் பித்தளை வில்லைகளை வைத்திருக்கிறேன்.