தன்மயமாதல்: யார் யாராக ஆவது?

வினா
குடியேறிய மக்கள் சில தலைமுறைகளுக்குள் பெரும்பான்மைச் சமூகத்தின் மொழியையும் பழக்கவழக்கங்களையும் ஏற்று அதனோடு ஒன்றிவிடுவதைப் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துவருகிறேன். ‘அசிமிலேஷன்’ என்பதற்குப் பள்ளி அறிவியல் நூல்களில் வரும் ‘தன்மயமாதல்’ என்ற சொல்லையே இட்டேன். ஆனால் ‘குடியேறியோர் தன்மயமாயினர்’ என்று படித்துப் பார்த்தால், அவர்கள் தங்களுக்குள்ளேயே சுருங்கிக்கொண்டதுபோல் ஒலிக்கிறது. இதிலுள்ள ‘தன்’ யாரைக் குறிக்கிறது?

மறுமொழி 1
அது பிறப்பால் தமிழ்த் ‘தன்’ அன்று. வடமொழியில் ‘அது’ என்று பொருள்படும் ‘தத்’ என்பதோடு ‘மய’ சேர்ந்து ‘தன்மய’ ஆயிற்று. சித்தும் மயமும் சேர்ந்து சின்மயம் ஆனதுபோலவே, பின்வந்த மகரத்தின் மூக்கொலியை முன்னின்ற தகரம் வாங்கிக்கொண்டது. ஆகவே அங்கே அதற்கு ‘அதுவாகவே ஆதல்’ என்பது பொருள். தியானிப்பவர் தியானப்பொருளில் தம்மை மறந்து கரைந்து நிற்கும் நிலை. தமிழ்க் காதிலோ ‘தான்’ என்பதன் ‘தன்’னாகவே அது விழுகிறது. அதனால் தான் பிறிதாவது என்றிருந்த சொல், பிறிதைத் தானாக்குவது என்று திசை மாறிவிட்டது. (இதைத் ‘தன்மையம்’ என்று அச்சிட்டுச் சுயநலமாக்கிவிடுவோரும் உண்டு.)

மறுமொழி 2
திசை மாறியதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்ட பருப்பின் புரதம் அமினோ அமிலங்களாகச் சிதைந்து, குடலில் உட்கிரகிக்கப்பட்டு, நம் தசையின் புரதமாக மீண்டும் கோக்கப்படுவதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. அங்கே ‘தன்’ என்பது உண்ணும் உடல்; பருப்பன்று.

மறுமொழி 3
முதல் மறுமொழியில் சொன்ன ஒலிமாற்ற வேடிக்கை, ‘அசிமிலேஷன்’ பிறந்த லத்தீனிலும் உண்டு. ‘நோக்கி’ என்னும் ‘அட்’, ‘ஒத்த’ என்னும் ‘சிமிலிஸ்’ ஆகியவற்றிலிருந்து வந்த ‘அசிமிலாரே’ என்ற வினையில், டகரம் அடுத்துள்ள சகரமாகவே மாறிவிட்டது. தான் குறிக்கும் செயலைச் சொல் தன் உடம்பிலேயே செய்துகாட்டுகிறது. ஓர் ஒலி இப்படி அடுத்த ஒலியை ஒத்துப்போவதற்கு மொழியியலில் ஓரினமாதல் என்று பெயர். ‘பல’ என்பதன் ‘பல்’லும் ‘முக’மும் சேரும்போது லகரம் னகரமாவதை நன்னூல் ‘மெலி மேவின் னணவும்’ (மெல்லினம் வந்தால் லகர ளகரங்கள் னகர ணகரங்களாகும்) என்று முடித்துவிடுகிறது. வேற்றுமைகளைப் போற்றும் ‘பன்முகம்’ என்ற சொல்லே இப்படி ஒத்துப்போய்த்தான் உருவாகியிருக்கிறது.

வினவியவர்
நன்றி. ‘குடியேறியோரை அந்நாடு தன்மயமாக்கிக்கொண்டது’ என்று எழுவாயை மாற்றிவிடுகிறேன். அவர்களே விரும்பி ஒன்றிய இடங்களில் ‘ஒன்றிக் கரைந்தனர்’ என்று எழுதுகிறேன்.